பன்னிரண்டு மணிக்குப் புறப்பட்ட படை

அத்தியாயம் 6

அகல்யா செல்போனை மேசைமேல் வைத்தாள் என்று சொல்ல முடியாது. எறிந்தாள். அது வழுக்கிக்கொண்டு போய் உதவியாளர் கலியமூர்த்தியின் டீ கிளாசில் முட்டி நின்றது.

"போன் என்னோடது மேடம்," என்றார் கலியமூர்த்தி. "கோபம் உங்களோடது. ரெண்டையும் கலக்காதீங்க."

"அந்த க்ரூப்ல எழுதியிருக்கறதை முழுசாப் படிச்சீங்களா அண்ணே?"

"பாதியில நிறுத்திட்டேன். சி.ஆர்.பி.எஃப்.ல வண்டி ஓட்டினவன் நான், கெட்ட வார்த்தை எனக்குப் புதுசில்ல. ஆனா இதெல்லாம் படிச்சவங்க எழுதினது. ஒரு எழுத்துப் பிழை இல்லாம அசிங்கமா இருக்கு."

கரோல் பாக்கில் ஒரு சூட்கேஸ் கடையின் மாடியில் இருந்தது அகல்யாவின் துப்பறியும் அலுவலகம். ஜனவரிக் குளிர். மூலையில் ஹீட்டர் சிவந்துகொண்டிருந்தது, ஆனால் அந்த அறையில் அதைவிடச் சூடாக இருந்தவள் அகல்யாதான். அவளுக்கு எதிரே, ஜாக்கெட்டின் கைகளுக்குள் விரல்களை இழுத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள் பெனிட்டா. வயது இருபத்து மூன்று. அப்பா ஜெயசீலன் தூத்துக்குடிக்காரர், மத்திய அரசு நிறுவனம் ஒன்றில் இன்ஜினீயர். பெனிட்டா பிறந்தது வளர்ந்தது எல்லாம் டெல்லி. தமிழ் பேசுவாள், படிக்க வராது. அவளுடைய விளையாட்டு அணியின் வாட்ஸ்அப் க்ரூப்பில் அவளைப் பற்றித் தமிழில் எழுதியதையெல்லாம் அப்பாவிடம் காட்டி அர்த்தம் கேட்டிருக்கிறாள். அப்பா படித்துவிட்டுப் போனை அணைத்துவிட்டு மொட்டை மாடிக்குப் போய்விட்டாராம். அதைக் கேட்டதிலிருந்துதான் அகல்யாவுக்கு இந்தக் கொதிப்பு.

விஷயம் இதுதான். 'கோட்டைக்களம்' என்று ஓர் ஆன்லைன் யுத்த விளையாட்டு. ஆளுக்கு ஒரு கோட்டை, ஒரு படை. படையை அனுப்பினால் உடனே போய்ச் சேராது. தூரத்துக்குத் தகுந்தபடி அரை மணியோ ஐந்து மணியோ நடந்துதான் போகும். எதிரியின் படை வெளியே கிளம்பிக் கோட்டை காலியாகும் சமயத்தில் நம் படை அவன் வாசலில் நிற்க வேண்டும். சாமர்த்தியம் முழுவதும் அந்த நேரக்கணக்கில் இருக்கிறது. அகில இந்தியப் போட்டியில் டெல்லித் தமிழர்கள் சேர்ந்து ஓர் அணியாக ஆடினார்கள், அரையிறுதியில் ஜெயித்தார்கள். அந்த ஒரு வாரமும் பெனிட்டாவின் கோட்டையிலிருந்து கிளம்பிய தாக்குதல் ஒவ்வொன்றும் எதிரி வெளியேறிய அதே வினாடியில் போய் விழுந்திருந்தது. ஒரு வினாடி முன்னே பின்னே இல்லை.

கையால் தட்டினால் அப்படி விழாது, ஏதோ மென்பொருள் வைத்து ஏமாற்றியிருக்கிறார்கள் என்று தோற்ற அணி புகார் கொடுத்தது. புகார் வந்த சூட்டோடு அணித் தலைவன் கிருஷ்ணபிரசாத் முந்திக்கொண்டான். ஏமாற்றியது பெனிட்டா, அவளை நாங்களே தூக்கிவிட்டோம் என்று எழுதிக் கொடுத்துவிட்டான்.

போட்டியை நடத்தும் நிறுவனம்தான் பெனிட்டாவை நொய்டா அலுவலகத்தில் வேலைக்கு எடுத்திருந்தது. அவள் கேட்டு வாங்கிய முதல் வேலை. வெள்ளிக்கிழமை மதியம் ஒரு மணிக்கு நிறுவனம் தீர்ப்புச் சொல்லும். ஏமாற்றுக்காரி என்று முடிவானால் வேலை போகும், அந்தப் பெயர் ஒட்டிக்கொண்டால் அந்தத் துறையில் வேறு எவனும் கதவைத் திறக்க மாட்டான். இன்று வியாழக்கிழமை.

"அந்த வாரம் நான் தூத்துக்குடியில இருந்தேன் மேடம், கஸின் கல்யாணம்," என்றாள் பெனிட்டா. "என் கோட்டைக்குக் காவல் சாவி குடுத்துட்டுப் போனேன். எல்லாரும் அப்படித்தான் செய்வாங்க. நாம தூங்கறப்போ, வெளியில போறப்போ, டீம்ல யாராவது பார்த்துக்கணும் இல்லையா?"

"யார் யார்கிட்ட சாவி?"

"கேபி பையா. கிருஷ்ணபிரசாத். அப்புறம் ரங்கராஜன் அங்கிள். வேற யாருக்கும் குடுக்கலை. ஆனா சாவி வச்சு யார் உள்ள போனாலும் ரெக்கார்டுல என் பேர்தான் வரும்."

"அடடா," என்றார் கலியமூர்த்தி. "வீட்டைப் பார்த்துக்கன்னு சாவியைக் குடுத்தா, வீட்டுக்காரி பேர்ல கொள்ளையடிச்சிருக்கான்."

"ரெண்டு பேர்ல ஒருத்தன்," என்றாள் அகல்யா. "இப்பவே போய் ரெண்டு பேரையும் உலுக்கிட்டு வருவோம். கிளம்புங்க அண்ணே."

கலியமூர்த்தியின் போன் அடித்தது. எடுத்தார். நாலைந்து முறை "சரிம்மா" மட்டும் சொல்லிவிட்டு வைத்தார்.

"மேடம், ஒன்றரை மணிக்குள்ள கிளம்பணும். இல்லாட்டி மூணுக்கு மேல. என் சம்சாரம் ஜெயலட்சுமி உத்தரவு."

"எதுக்கு?"

"வியாழக்கிழமை ஒன்றரையிலேர்ந்து மூணு ராகு காலம். எனக்கு அதுல நம்பிக்கை கிடையாது. ஆனா ஜெயலட்சுமி மேல பயம் உண்டு."

"ராகு காலம்னா க்யா அங்கிள்?" என்றாள் பெனிட்டா. "லஞ்ச் டைம் மாதிரியா?"

அகல்யா திட்டுவதற்காகத்தான் வாயைத் திறந்தாள். திறந்த வாய் அப்படியே நின்றது. அவள் பார்வை சுவரில் தொங்கிய தினசரிக் காலண்டருக்குப் போனது. கீழ்த் தெருத் தமிழ் மளிகைக் கடைக்காரர் புது வருஷத்துக்குக் கொடுத்தது, சென்னையில் அச்சடித்தது. தேதிக்குக் கீழே பொடி எழுத்தில் ராகு காலம்.

"பெனிட்டா, அந்த ரெக்கார்டை எடு. தாக்குதல் போய் விழுந்த நேரம்தானே இதுல இருக்கு? படை எத்தனை மணி நேரம் நடந்துச்சோ அதைக் கழி. கிளம்பின நேரம் என்னன்னு சொல்லிட்டே வா."

பெனிட்டா சொல்லச் சொல்ல அகல்யா கிழமை பார்த்துக் காலண்டர் தாள்களைப் புரட்டினாள். போய் விழுந்த நேரங்கள் கண்டபடி சிதறிக் கிடந்தன. கிளம்பிய நேரங்களில் மட்டும் ஓர் ஒழுங்கு இருந்தது. புதன்கிழமை பன்னிரண்டிலிருந்து ஒன்றரை வரைக்கும் ஒன்றுகூடக் கிளம்பவில்லை. செவ்வாய்க்கிழமை மூன்றிலிருந்து நாலரை வரைக்கும் இல்லை. வாரம் முழுவதும், எந்த நாளிலும், ராகு காலத்தில் ஒரு படைகூட வாசலைத் தாண்டவில்லை. எதிரியின் கோட்டை அம்போவென்று திறந்து கிடந்த வாய்ப்புகளைக்கூட அந்தக் கை விட்டிருந்தது.

"சாஃப்ட்வேருக்கு ராகுவும் தெரியாது கேதுவும் தெரியாது," என்றாள் அகல்யா. "பட்டனைத் தட்டினது மெஷின். தட்டுன்னு அதுக்கு உத்தரவு போட்டவன் மனுஷன். அதுக்கு முந்தின வாரமெல்லாம் நீ எப்ப ஆடுவே பெனிட்டா?"

"சண்டேல சாயந்திரம் அஞ்சு மணிக்கு. கேக் எல்லாம் முடிஞ்சு, அப்பா தூங்கினப்புறம். எப்பவும்."

"ஞாயித்துக்கிழமை நாலரை டு ஆறு," என்றார் கலியமூர்த்தி. "ராகுவோட மடியிலயே உக்காந்து ஆடியிருக்கு பொண்ணு. அப்ப இது வேற கை. திருடன் பெரிய பக்திமான் மேடம்."

"பக்திமான் இல்லை. பயந்தாங்கொள்ளி," என்றாள் அகல்யா. "அந்த ரங்கராஜன் எப்படிப்பட்டவர்?"

"நெத்தியில பெருசா நாமம் போட்டுப்பார்," என்றாள் பெனிட்டா.

மூவரும் ஒன்றரைக்குள் கிளம்பினார்கள். ஜெயலட்சுமிக்குப் பயந்து அல்ல, அகல்யாவின் அவசரத்துக்கு.

லக்ஷ்மிபாய் நகரில் மகனின் அரசாங்கக் குவார்ட்டர்ஸில் இருந்தார் ரங்கராஜன். அண்டர் செக்ரட்டரியாக ஓய்வு பெற்றவர். ஓய்வுக்குப் பிறகு மனிதர் கோட்டைக்களத்தில்தான் குடியிருந்தார். மஃப்ளரும் குல்லாயுமாக வந்து கதவைத் திறந்தவர், பெனிட்டாவைப் பார்த்ததும் கதவைப் பாதி சாத்தினார். அகல்யா காலை நீட்டி அதைத் தடுத்தாள்.

"ராகு காலத்துல நீங்க படை அனுப்ப மாட்டீங்களாமே சார்?"

"மாட்டேன். அதுல என்ன தப்பு?"

"இவ கோட்டையிலேர்ந்து போன படையும் ராகு காலத்துல போகலை. சாவி உங்ககிட்ட இருந்துச்சு. வயசுப் பொண்ணு பேரைக் கெடுத்துட்டு நெத்தியில நாமம் வேற."

ரங்கராஜனுக்கு ரத்தம் முகத்துக்கு ஏறியது. "யாரைப் பார்த்து என்ன பேசறேள்? குடுங்கோ அதை!" என்று கிளம்பிய நேரங்களைக் குறித்து வைத்திருந்த போனைப் பிடுங்கினார். கண்ணாடியை மேலே தள்ளிக்கொண்டு பார்த்தார். பார்க்கப் பார்க்க அவருடைய கோபம் திசை மாறியது.

"திங்கட்கிழமை காலம்பர ஒன்பதேகாலுக்கு அனுப்பியிருக்கு. சனிக்கிழமை பத்தே முக்காலுக்கு அனுப்பியிருக்கு. நானா? அந்த நேரத்துல நான் பால் பாக்கெட்கூடப் பிரிக்க மாட்டேன்!"

"திங்கட்கிழமை ஏழரைலேர்ந்து ஒன்பதுதானே ராகு காலம்? காலண்டர்ல போட்டிருக்கே," என்றார் கலியமூர்த்தி.

"காலண்டர்! சூரியன் ஆறு மணிக்கு உதிச்சு ஆறு மணிக்கு அஸ்தமிக்கறதா வச்சுண்டு அச்சடிக்கறான் அவன். இந்தக் குளிர்ல டெல்லியில ஏழேகாலுக்குத்தான் பொழுதே விடியறது. உதயத்துலேர்ந்து அஸ்தமனம் வரைக்கும் பகலை எட்டாப் பிரிச்சுக் கணக்குப் பண்ணணும். திங்கட்கிழமை எனக்கு எட்டரைக்கு ஆரம்பிச்சு ஒன்பதே முக்காலுக்குத்தான் முடியும். டெல்லியில இருந்துண்டு மெட்ராஸ் காலண்டரைப் பார்க்கற அசடு எவனோ, அவனைப் போய்ப் பிடியுங்கோ!"

அகல்யா போனைத் திரும்ப வாங்கிக்கொண்டாள். கோபத்தில் வந்து தப்பான ஆளை அடித்துவிட்டது அவளுக்கே தெரிந்தது. ஆனால் கோபம் மட்டும் இறங்கவில்லை. இறங்காமல் இருக்க இன்னொரு காரணமும் இருந்தது.

"சரி. நீங்க இல்லை. அப்ப இவ ஏமாத்தினாள்னு கிருஷ்ணபிரசாத் எழுதினதுல ஏன் கையெழுத்துப் போட்டீங்க?"

"அவன் டீம் லீடர். எல்லாரும் போட்டா, நானும்..."

"நானே கேட்டேன்," என்றார் உள்ளேயிருந்து காபி டம்ளரோடு வந்த அவர் மனைவி சாவித்திரி மாமி. "நம்மாத்துல வந்து எத்தனை தரம் சாப்பிட்டுப் போயிருக்கு இந்தக் குழந்தை, ஒரு வார்த்தை கேட்டுட்டுப் போடப்படாதோன்னு. காதுல வாங்கிண்டாத்தானே?"

"நல்ல நேரம் பார்த்துத்தான் போட்டிருப்பார் மாமி," என்றாள் அகல்யா. காபியைத் தொடாமல் படியிறங்கினாள்.

வெளியே வந்ததும் கலியமூர்த்தி மெல்லக் கேட்டார். "மிச்சம் ஒருத்தன்தான் மேடம். ஆனா உதைக்குதே. அந்தக் கிருஷ்ணபிரசாத்து, க்ரூப்ல ரங்கராஜன் சாரைத் தினம் கிண்டல் பண்றான். 'அங்கிள் ராகுவோட பேசி முடிச்சுட்டு வரட்டும், நாம யுத்தத்தை முடிப்போம்'னு."

"ஊருக்கு முன்னாடி கிண்டல் பண்றான். தனியா இருக்கறப்போ என்ன பண்றான்னு நாளைக்குப் பார்ப்போம். நாளைக்கு வெள்ளிக்கிழமை. பத்தரை டு பன்னெண்டு."

அங்கேயே, ஆட்டோ ஸ்டாண்டில் நின்றபடி, விளையாட்டு நிறுவனத்தின் விசாரணை அதிகாரி மேதாவுக்குப் போன் செய்தாள். மேதாவும் டெல்லித் தமிழ்ப் பெண்தான், வளவளவென்று பேசாதவள். அகல்யா கேட்டது ஒன்றே ஒன்று. கையால் தட்டினால் வினாடி சுத்தமாக விழாது, எப்போது வேண்டுமானாலும் நிரூபித்துக் காட்டுகிறேன் என்று கிருஷ்ணபிரசாத் எழுதியிருக்கிறான். காட்டட்டும். நாளைக் காலை, அவன் வீட்டிலேயே. சாவி வைத்திருந்த இரண்டு பேருக்கும் பெனிட்டாவுக்கும் ஒரு பயிற்சிக் களத்தைத் திறந்து விடுங்கள், நீங்கள் வீடியோவில் பாருங்கள்.

"ஒரு மணிக்கு நான் முடிவு சொல்லியாகணும்," என்றாள் மேதா.

"அதுக்குள்ள முடிச்சுடறேன். பையா, கரோல் பாக், ஜல்தி!"

ஆட்டோவில் வரும்போது ராகு காலப் பொறியைப் பெனிட்டாவுக்கு விளக்கினாள் அகல்யா. "பன்னெண்டு அடிக்கற வரைக்கும் அவன் படை வாசலைத் தாண்டாது. அடிச்ச உடனே தாண்டும். பார்த்துக்கிட்டே இரு."

 பெனிட்டா விரல்களை மடக்கி மடக்கி ஏதோ கணக்குப் போட்டுக்கொண்டு வந்தாள்.

மறுநாள் புசா ரோட்டில் கிருஷ்ணபிரசாத்தின் மூன்றாவது மாடி ஃப்ளாட். குருகிராமில் ஐ.டி. வேலை, வெள்ளிக்கிழமை வீட்டிலிருந்தே. கூடத்தில் சாமி படம் இல்லை, காலண்டர் இல்லை. அரையிறுதியில் ஜெயித்த கோப்பை மட்டும் விளக்கு போட்டு வைக்கப்பட்டிருந்தது. அகல்யாவும் கலியமூர்த்தியும் பெனிட்டாவும் ரங்கராஜனும் சோபாக்களில் உட்கார, மேசை மேல் லேப்டாப்பில் மேதாவின் முகம் தெரிந்தது. பெனிட்டாவைப் பார்த்துக் கிருஷ்ணபிரசாத் சிரித்தான். அந்தச் சிரிப்பைப் பார்த்தபோது அகல்யாவுக்குக் கை பரபரத்தது. சோபாவின் விளிம்பைப் பிடித்துக்கொண்டாள்.

மேதா சொன்னாள். "பயிற்சிக் களம் ரெடி. எல்லாருக்கும் ஒரு கோட்டை இருக்கு. எங்கேயிருந்து எங்கே அனுப்பினாலும் அரை மணி நேர நடை. நடுவில ஒரு காலிக் கோட்டை வச்சிருக்கேன். ஒரு நேரத்தை முன்கூட்டியே சொல்லிட்டு, அந்த வினாடியில விழற மாதிரி கையால அனுப்புங்க. மணி இப்ப பத்தே முக்கால்."

"நான் இப்பவே அனுப்பிடறேன்," என்று ரங்கராஜன் போனை எடுத்தார். "பதினோரு மணிக்கு மேல எனக்கு ஆகாது." தட்டினார். அரை மணி கழித்து அது, குறித்த நேரத்துக்கு ஐந்து வினாடி முந்திப் போய் விழுந்தது.

"பார்த்தீங்களா மேம்?" என்றான் கிருஷ்ணபிரசாத். "கையால பெர்ஃபெக்டா வராது. தட்ஸ் மை பாயின்ட்."

"உங்க முறை," என்றாள் மேதா.

"ஷ்யூர். ஒரு நிமிஷம், எல்லாருக்கும் காபி போட்டுட்டு வந்துடறேன்."

காபி வந்தது. பிறகு ஆபீஸ் கால் ஒன்று வந்ததாகச் சொல்லிப் பால்கனிக்குப் போனான். வந்து, நெட் மெதுவாக இருக்கிறது என்று ரௌட்டரை அணைத்துப் போட்டான். அப்புறம் போனில் சார்ஜ் இல்லை என்று படுக்கையறையில் கொண்டுபோய்ச் செருகிவிட்டு வந்தான்.

"என் பவர் பேங்க் வேணுமா தம்பி?" என்று நீட்டினார் கலியமூர்த்தி.

"வேற பின் அங்கிள்."

"மூணு பின்னும் இருக்கு. நேத்து ராத்திரியே ஜெயலட்சுமிகிட்ட சொல்லி எல்லாப் பின்னையும் எடுத்து வச்சுட்டேன்."

"என் சார்ஜர்லதான் ஸ்பீடா ஏறும்," என்றான் அவன். நெற்றியில் வேர்வை. வெளியே எட்டு டிகிரிக் குளிர்.

கலியமூர்த்தி தண்ணீர் குடிக்கச் சமையலறைக்குப் போனார். திரும்பி வந்தவர் அகல்யாவுக்கும் ரங்கராஜனுக்கும் நடுவே குனிந்து கிசுகிசுத்தார். "சமையலறைக் கதவுக்குப் பின்னால நம்ம மளிகைக் கடைக் காலண்டர் மேடம். இன்னிக்குத் தாள் வரைக்கும் சுத்தமாக் கிழிச்சிருக்கு. பாவம் ராகு, இந்த வீட்டுல கதவுக்குப் பின்னாடி ஒளிஞ்சு குடித்தனம் பண்றார்."

சுவர்க் கடிகாரம் பதினொன்று நாற்பதைத் தாண்டியது. மூலை நாற்காலியில் பெனிட்டா தலையைக் குனிந்துகொண்டு போனில் ஏதோ தட்டினாள். அப்பாவுக்கு மெசேஜ் போடுகிறாள் என்று நினைத்தாள் அகல்யா.

"கிருஷ்ணபிரசாத், எனக்கு நேரமாகுது," என்றாள் மேதா.

"சாரி மேம், பாத்ரூம் போயிட்டு வந்துடறேன்."

பாத்ரூமிலிருந்து அவன் வெளியே வந்தபோது மணி பன்னிரண்டு. வந்த வேகமே வேறு. நேரே படுக்கையறைக்குப் போய்ப் போனைப் பிடுங்கி வந்து, "ரெடி மேம், பன்னெண்டு முப்பத்தொண்ணுக்கு விழும்" என்றான். போனின் மேல் ஓரத்தில் ஏதோ சிவப்பாக மின்னியதைக் கட்டைவிரலால் தள்ளிவிட்டான். மொத்தப் படையையும் தேர்ந்தெடுத்தான், தட்டினான், போனைக் கவிழ்த்து வைத்தான். முக்கால் மணி நேரமாக நடக்காத காரியம் ஒரு நிமிஷத்தில் நடந்து முடிந்தது.

அகல்யா எழுந்தாள்.

"சார்ஜ் ஏறிடுச்சா? நெட் சரியாயிடுச்சா? இல்லை ராகு காலம் முடிஞ்சுடுச்சா?"

"வாட் நான்சென்ஸ்?"

"அந்த வாரம் பெனிட்டாவோட கோட்டையிலேர்ந்து ஒரு படைகூட ராகு காலத்துல கிளம்பலை. இன்னிக்கு உன் படையும் கிளம்பலை. ஞாயித்துக்கிழமை சாயந்திரம் அஞ்சு மணிக்கு ஆடற பொண்ணுக்கு ராகு காலம்னா என்னன்னே நேத்து வரைக்கும் தெரியாது."

"அங்கிள் கூடத்தான் ராகு காலம் பார்ப்பார்!" என்று ரங்கராஜனைக் காட்டினான் அவன்.

"நான் பார்ப்பேன்," என்றார் ரங்கராஜன். கடிகாரத்தைப் பார்த்தார். "எனக்கு இன்னும் இருபது நிமிஷம் பாக்கி இருக்குடா. உனக்குத்தான் முடிஞ்சுடுத்து. உன் சமையலறையில தொங்கறது மெட்ராஸ் காலண்டர். அதை நம்பித்தான் என்னோட ராகு காலத்துல, சனிக்கிழமை பத்தே முக்காலுக்கு, அவ கோட்டையிலேர்ந்து படை அனுப்பியிருக்கே."

"சாவி இருந்தது மூணு பேர்கிட்ட," என்றாள் அகல்யா லேப்டாப்பைப் பார்த்து. "ஒருத்திக்கு ராகு காலமே கிடையாது. ஒருத்தருக்கு வேற ராகு காலம். இந்தக் காலண்டர் ராகு காலம் மிச்சமிருக்கற ஒருத்தனுக்குத்தான்."

கிருஷ்ணபிரசாத் கையைத் தட்டினான். "சூப்பர். ஜோசியம் பார்த்துத் தீர்ப்புச் சொல்லப்போறீங்களா மேதா மேம்? இது ஒரு ப்ரூஃபா? ஐ.டி. கம்பெனில இருக்கறவன் நான்."

மேதா கன்னத்தில் கை வைத்து யோசித்தாள். அந்தத் தயக்கத்தைப் பார்த்து அவன் மறுபடி சிரிக்க ஆரம்பித்தான்.

கவிழ்த்து வைத்த போன் அலறியது. போர் முரசு போல ஒரு சத்தம், அப்புறம் ஏதோ சரிகிற சத்தம். அவன் எடுத்துப் பார்த்தான். சிரிப்பு பாதியில் நின்றது. பயிற்சிக் களத்தில் அவனுடைய கோட்டை எரிந்துகொண்டிருந்தது. காக்க ஒரு வீரன் இல்லை. மொத்தப் படையும் பன்னிரண்டு மணிக்குக் கிளம்பிப் போய் நடுவழியில் நடந்துகொண்டிருந்தது.

"யாருடையது?" என்றாள் மேதா.

"என்னோடது," என்றாள் மூலையிலிருந்து பெனிட்டா. "பதினொண்ணு நாப்பதுக்கு அனுப்பினேன். பன்னெண்டு அடிச்சதும் இவர் படை வெளியில போயிடும்னு அகல்யா மேடம் நேத்து சொன்னாங்க. நம்பி அனுப்பினேன். வார்னிங் வந்திருக்கும். ஆனா போன்தான் பெட்ரூம்ல சார்ஜ் ஆகிட்டு இருந்ததே."

"பொய்!" என்று கத்தினான் கிருஷ்ணபிரசாத். முகம் கன்றியிருந்தது. "பார்த்தீங்களா மேம்? இவ இப்பவும் ஏமாத்தறா! ஆள் கிளம்பினவுடனே விழற மாதிரி கையால எவனாலயும் முடியாது! ஒரு வாரம் நானே உக்காந்து ட்ரை பண்ணி முடியாமத்தானே சாஃப்ட்வேர் போட்டேன்!"

சொல்லி முடித்த பிறகுதான் சொன்னது அவன் காதிலேயே விழுந்தது. பெனிட்டாவை நோக்கி நீட்டிய விரலோடு அப்படியே நின்றான்.

"தம்பி, இப்பக்கூட நல்ல நேரம்தான்," என்றார் கலியமூர்த்தி. "மேல சொல்லுங்க."

"டீமுக்காகத்தான் பண்ணேன்," என்றான் அவன், குரல் இறங்கி. "ஜெயிக்கணும் இல்லையா? மாட்டினா லீடர் அக்கவுன்ட் போகக் கூடாதுன்னு... அவளுக்கு என்ன, வேற வேலை கிடைக்கும்..."

"வேற பேர் கிடைக்குமாடா?" அகல்யா மேசையில் ஓங்கி அடித்ததில் கோப்பை உருண்டு கீழே விழுந்தது. யாரும் எடுக்கவில்லை. "அவ அப்பாகிட்ட அதையெல்லாம் காட்டி அர்த்தம் கேட்டாளே, அதை மறக்கடிக்க எந்த சாஃப்ட்வேர் வச்சிருக்கே? எடு போனை. அதே க்ரூப்ல எழுது. தமிழ்ல எழுது. ஏமாத்தினவன் நான்னு."

அவன் மேதாவைப் பார்த்தான். மேதாவின் முகத்தில் உதவி எதுவும் இல்லை. எழுதினான். கலியமூர்த்தி பக்கத்தில் நின்று எழுத்துப் பிழை பார்த்தார்.

மேதா தன் திரையில் எதையோ தேடிக்கொண்டிருந்தாள். "பெனிட்டா, எத்தனை மணிக்கு விழணும்னு குறி வச்சே?"

"பன்னெண்டு பத்துக்கு மேடம்."

"மூணு செகண்ட் தள்ளி விழுந்திருக்கு."

"கையால தட்டினது மேடம். மூணு செகண்ட் இருக்கும்."

மேதா முதல் முறையாகச் சிரித்தாள். "போன மாசம் உன் பேர்ல விழுந்தது எதுலயும் ஒரு செகண்டுகூட இல்லை. எனக்கு இது போதும். திங்கட்கிழமை காலை எட்டரைக்கு நொய்டா ஆபீஸ்ல இரு."

ரங்கராஜன் பதறிப்போய் நிமிர்ந்தார். "திங்கட்கிழமை எட்டரையா? அது எந்தக் கணக்குல பார்த்தாலும்..."

"எட்டு மணிக்கே வந்துடறேன் மேடம்," என்றாள் பெனிட்டா.

லேப்டாப் இருண்டது. பெனிட்டா போனில் தன் கோட்டையைத் திறந்து காவல் சாவிகள் இருக்கும் இடத்துக்குப் போனாள். கிருஷ்ணபிரசாத்தின் பெயரை அழித்தாள். விரல் நிற்கவில்லை, அடுத்த பெயருக்கும் போனது.

"என்னோடதை ஏம்மா எடுக்கறே?" என்றார் ரங்கராஜன்.  "நான் ஒரு தப்பும் பண்ணலையே?"

"கையெழுத்துப் போட்டீங்களே அங்கிள்," என்றாள் பெனிட்டா.

அவர் பெயரையும் அழித்துவிட்டு ஜாக்கெட்டை மாட்டிக்கொண்டு, யாருக்காகவும் நிற்காமல் படியிறங்கிப் போனாள்.